எங்க தாத்தா பட்டாளத்துல இருந்தாரு: இந்த மாசக் கேள்வி-பதில்

சர்வீஸ் நம்பரும் யூனிட் பேரும் இல்லாம எழுதாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது. இந்த மாசமும் பாதி லெட்டர் அப்படித்தான், அதையெல்லாம் ஓரமா வச்சுட்டேன்.

தாத்தா 1942ல பட்டாளத்துக்குப் போனார், 1961ல காலமானார். இந்தியா கேட்ல அவர் பேர் எந்தப் பக்கம் இருக்கும்?

எந்தப் பக்கமும் இருக்காது. இந்தியா கேட் திறந்ததே 1931ல. அதுவும் செத்தவங்களுக்குக் கட்டினது, உங்க தாத்தாதான் நல்லபடியா வீடு வந்து சேந்துட்டாரே!

பர்மா ஸ்டார் மெடல் வச்சிருந்தா சண்டை போட்டார்னு அர்த்தமா?

இல்ல. அந்த ஏரியாவுல ட்யூட்டி பாத்திருந்தா போதும், லாரி ஓட்டினவருக்கும் அதே ஸ்டார்தான்.

ரெண்டாம் உலகப்போர்ல இந்திய சிப்பாய்கள் 1,80,000 பேர் பலின்னு ஒரு இடத்துல, 87,000னு இன்னொரு இடத்துல, 24,000னு வேற எங்கயோ. எதுதான் சரி?

இதைக் கேட்டாலே எனக்கு பிபி ஏறும். மூணுமே நிஜமான நம்பர்தான், 1,80,000க்கு "பலி"ங்கற வார்த்தைதான் தப்பு. அது இங்கிலீஷ்ல "கேஷுவல்ட்டி", கேஷுவல்ட்டின்னா செத்தவங்க மட்டும் இல்லீங்க. சண்டையில செத்தது ஒரு 24,000, காயம் 64,000, காணாம போனது 12,000, எதிரிகிட்ட கைதியானது 80,000, இத்தனையும் கூட்டினாதான் அந்த 1,80,000 வருது, அதை எவனோ ஒருத்தன் பலின்னு போட, அடுத்தவன் அதையே காப்பி அடிக்க, இன்னிக்கு வரைக்கும் ஓடிட்டிருக்கு. கைதியாகி திரும்பி வந்து பேரன் பேத்தி எடுத்தவரெல்லாம் இந்தக் கணக்குல பலி! சரி, 87,000? அது போர்க் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் கமிஷனோட கணக்கு. சர்வீஸ்ல இருக்கும்போது எப்படி செத்திருந்தாலும் அதுல வரும், காய்ச்சல், லாரி கவுந்தது, கைதி முகாம்ல செத்தது எல்லாமே, அதுவும் 1947 டிசம்பர் 31 வரைக்கும். பர்மா பக்கம் 1943ல அடிபட்டு ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு வந்தா நோயில விழுந்து 120 பேர் வந்தாங்க, அப்படிப்பட்ட காடு அது. திரும்பவும் சொல்றேன், நம்பரைப் பாத்தா அது யாரை எண்ணுச்சு, எந்தத் தேதி வரைக்கும் எண்ணுச்சுன்னு மொதல்ல பாருங்க, அப்புறம் ஷேர் பண்ணுங்க.

ரெண்டாம் உலகப்போர்ல இந்திய ஆர்மியில இருந்த 25 லட்சம் பேரும் போர்முனைக்குப் போனாங்களா?

இல்ல. 1939ல ரெண்டு லட்சம் சொச்சம் இருந்த ஆர்மி 1945ல அந்த அளவுக்கு வளந்துச்சு, அவ்வளவுதான். ஸ்டோர், சமையல், ரயில்வே, ஆஸ்பத்திரின்னு நாட்டைவிட்டே போகாதவங்க ஏகப்பட்ட பேர்.

ஊர்ல இருக்கற முதல் உலகப்போர்க் கல்வெட்டுல 1914-1919னு இருக்கு. 1918 தானே?

1918 நவம்பர்ல துப்பாக்கி நின்னுச்சு, ஜெர்மனியோட ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன்ல. கல்லு வெட்டினவர் மேல தப்பில்ல.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸாம், அதாவது பட்டாளத்தோட இன்ஜினியர் படை. அவங்க ரோடு போடறவங்கதானே, அதைப் போய் போர் சர்வீஸ்னு சொல்லலாமா?

கண்ணிவெடி எடுக்கறதும் அவங்க வேலைதான் சார். 1944 பிப்ரவரி, இத்தாலி. அதே மெட்ராஸ் சாப்பர்ஸ்ல சுபேதார் சுப்ரமணியன்னு ஒருத்தர், கூட இருந்தவங்களக் காப்பாத்த வெடிக்கப்போற மைன் மேல விழுந்து படுத்துட்டாரு. செத்ததுக்கு அப்புறம் ஜார்ஜ் கிராஸ்ங்கற பிரிட்டிஷ் வீர விருது குடுத்தாங்க. ரோடு போடறவராம்!