சவலை

அன்புள்ள ஐயா,

வணக்கம். பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். ஏழெட்டு வருடமாக உங்களை வாசிக்கிறேன். இப்போது வாசிப்பது ரொம்பக் குறைந்துவிட்டது. எனக்கு மூன்று குழந்தைகள். பெரியவளுக்கு ஐந்தரை வயது. அடுத்தது இரட்டைப் பையன்கள், வருகிற ஜூனில் மூன்று முடிகிறது. ஒருவனுக்குச் சளி என்றால் மறுநாளே அடுத்தவனுக்கு. ஒருவன் தூங்கினால் இன்னொருவன் எழுந்துவிடுவான். பிரசவ விடுப்பு 26 வாரம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டேன். போனைக் காட்டாமல் ஒரு வாய் சோறு இறங்குவதில்லை. மாமியார் இருவருக்கும் ஒரே மாதிரிச் சட்டைதான் போடுவார், எனக்கு அது பிடிக்காது. கணவர் எட்டு மணிக்கு வந்ததும் பையன்களோடு கொஞ்ச நேரம் விளையாடுவார்.

நல்லவேளை, பெரியவள் சமத்து. டயப்பர் எடுத்துத் தருவாள், பால் புட்டிகளை எண்ணி எடுத்து வைப்பாள், தம்பி சிணுங்கினால் ஓடிப்போய்த் தட்டிக்கொடுப்பாள். அவர்கள் பிறந்த நாளிலிருந்து பாட்டியோடுதான் படுக்கிறாள். ஒருநாளும் அழுததில்லை, பொறாமை என்பதே கிடையாது. இந்த ஒரு மாதமாகத்தான் படுக்கையை நனைக்கிறாள். வளர்ந்த பிள்ளை செய்கிற காரியமா என்று மாமியார் சத்தம் போடுகிறார்.

என் கேள்வி இதுதான். இருவரையும் எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போகிறோம். ஒரே பிரிவில் இருந்தால் ஒருவனை ஒருவன் சார்ந்தே இருப்பார்கள், பிரித்துப் போடுகிறோம் என்கிறது பள்ளி. இளையவன் அண்ணன் இல்லாமல் ஒரு நிமிடம் இருக்கமாட்டான். நீங்களும் இரட்டைப் பிறவி என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிப்பது சரியா?

அன்புடன்,
ஒரு வாசகி

(கடிதத்தில் இருந்த பிள்ளைகளின் பெயர்களை நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் ஊரில் அக்கா வீட்டில் இருந்தேன். ஒருநாள் காலையில் ரேஷன் கடைக்கு அவளுக்குத் துணையாகப் போனேன். வரிசையில் அக்கா எனக்கு முன்னால் நின்றாள். இடது இடுப்பை வெளியே தள்ளி, பாரம் முழுவதையும் அந்தக் காலுக்குக் கொடுத்து, இடது கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளையை ஒக்கலில் வைத்திருக்கிற பெண் அப்படித்தான் நிற்பாள். அக்காவின் ஒக்கலில் ஒன்றும் இல்லை. அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த இடுப்பில் முதலில் ஏறிய பிள்ளை நான்.

அன்று இரவுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதனால் கேள்விக்குப் போகுமுன் வேறொன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது.

போனை நிறுத்திவிடுங்கள், நாலைந்து நாள் அழுது தீர்த்துவிட்டு அப்புறம் சாப்பிடுவார்கள். ஒரே மாதிரிச் சட்டை பாட்டியின் ஆசை, அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். புத்தகங்கள் எங்கேயும் ஓடிவிடாது. விடுப்பு விஷயத்தில் உங்கள் மனக்குறை நியாயமானது. 2017 சட்டத்திருத்தம் 26 வாரம் என்று ஆக்கியது நல்ல காரியம், ஆனால் ஒன்று பெற்றாலும் இரண்டு பெற்றாலும் அதே 26 வாரம்தான். கைப்பிள்ளை இரண்டை வைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் ஒருத்தி எப்படி வேலைக்குத் திரும்புவாள் என்று அதை எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

என்னால் தாண்டிப்போக முடியாதது ‘நல்லவேளை, பெரியவள் சமத்து’ என்று தொடங்கும் பத்தி. டயப்பர் எடுத்துத் தருகிறாள், புட்டி எண்ணுகிறாள், பாட்டியோடு படுக்கிறாள், அழுவதில்லை. எல்லாவற்றையும் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படிக்கப் படிக்க வயிற்றைப் பிசைந்தது.

அவளுக்கு ஐந்தரை வயதுதான் அம்மா. தம்பிகள் பிறந்தபோது மூன்றுகூட முடியவில்லை. இன்று உங்கள் இரட்டையருக்கு என்ன வயதோ ஏறக்குறைய அந்த வயதில் அவள் ‘பெரியவள்’ ஆனாள். அந்த இருவரில் ஒருவனை இன்று ராத்திரி கூப்பிட்டு, இனிமேல் நீ பெரியவன், அம்மா பக்கத்தில் இடமில்லை, பாட்டியிடம் போய்ப் படு என்று சொல்லிப் பாருங்கள். வீடு இரண்டாகிவிடும். உங்களுக்கே மனசு வராது. அவளுக்கு அதைத்தான் செய்தீர்கள். வேறு வழியில்லாமல் செய்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் அழவில்லை என்பதை அவளுக்கு வலிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டீர்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. சவலை. தாய் அடுத்த பிள்ளையை உண்டாகியோ பெற்றோ பால் மறந்த பிள்ளை இளைத்து, சிணுங்கி, முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரியும். ‘சவலை பாய்ந்துவிட்டது’ என்பார்கள். ஊரில் எங்கள் ஆச்சி பிள்ளை பார்க்கப் போனால் நேரே தொட்டிலுக்குப் போகமாட்டாள். வாசலில் நிற்கும் மூத்த பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, முந்தானையில் முடிந்து வந்த கருப்பட்டித் துண்டை அதன் வாயில் போட்ட பிறகுதான் பச்சைப்பிள்ளையை எட்டிப் பார்ப்பாள். கிளம்பும்போது தாயிடம் சொல்வது ஒரே சொல்தான்: ‘மூத்தத சவலையாக்கிராத தாயி.’

இது நம் ஊர்க் கிழவிகளின் கவலை மட்டும்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்புறம் குவாஷியோர்கர் என்ற நோயைப் பற்றிப் படித்தேன். இன்றைய கானா அப்போது கோல்டு கோஸ்ட் என்ற பெயரில் ஆங்கிலேயர் கையில் இருந்தது. அங்கே சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் வேலை பார்த்தார். பால் மறந்து வெறும் மக்காச்சோளக் கஞ்சிக்கு வந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் கை கால் வீங்கி, முடி வெளிறிச் சாவதைப் பார்த்தார். அக்ரா பக்கத்துக் கா மொழிப் பெண்கள் அதற்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்தின குழந்தைக்கு வரும் நோய் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொன்னார்கள். அவர் வேறு பெயர் தேடவில்லை. 1935-ல் லான்செட் இதழில் அந்தப் பெண்கள் சொன்ன சொல்லையே வைத்து எழுதினார். இன்றும் மருத்துவப் புத்தகங்களில் அதுதான் பெயர். அதைப் படித்த அன்று எனக்கு ஆச்சியின் முந்தானை முடிச்சுதான் ஞாபகம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கமும் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளைமேல் யாரோ ஒரு கண் வைத்திருந்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை, உங்கள் மகளுக்குக் கால் வீங்கப்போவதில்லை. ஆனால் பால் ஒன்றால் மட்டும் பிள்ளை சவலையாவதில்லை. மடி போனாலும் ஆகும்.

மடி என்றதும் அம்மா நினைப்புத்தான் வருகிறது. 1962-ல் நானும் தம்பியும் பிறந்தோம். தென்காசிப் பக்கம் சின்ன ஊர். அப்பா கமிஷன் கடையில் மூட்டை தூக்கினார். அம்மா பீடி சுற்றினாள். பீடி சுற்றுகிறவளின் மடியில் எந்நேரமும் சுளகு இருக்கும். அதில் வெட்டிய இலை, தூள், நூல். சுளகு மடியில் இருந்தால் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. தம்பி எனக்குக் கால் மணி நேரம் இளையவன், எலிக்குஞ்சு மாதிரி இருந்தானாம். சுளகை இறக்கி வைக்கிற நேரமெல்லாம் அம்மா அவனைத்தான் எடுத்தாள். நான் கொஞ்சம் தேறியவன். என்னை அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். அப்போது அவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

சங்கில் பசும்பால் புகட்டி என்னை வளர்த்தவள் அக்கா. முதலில் கொஞ்ச நாள் என்னைத் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். வாத்தியார் நல்ல மனுஷர், கதவோரம் உட்காரவிட்டார். ஒருநாள் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டில் நான் ஒன்றுக்குப் போய்விட்டேன். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. வாத்தியார் இரண்டு தடவை வீடு தேடி வந்தார். ‘ரெண்டு மாசம் போவட்டும் சார், அனுப்புதேன்’ என்றாள் அம்மா. எனக்கு நடை வந்தது, ஓட்டமும் வந்தது. நான் இறங்கவில்லை. நான் இறங்கிய நாள் 1967-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாள். என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து விட்டவள் அக்காதான். பதிமூன்று வயதுப் பெண். நான் அழுதேன். அதே கதவு. அவள் அதற்கு வெளியிலேயே நின்று, உள்ளே போ என்று கையைக் காட்டினாள். அவள் ஏன் உள்ளே வரவில்லை என்று யோசிக்கிற வயது எனக்கு வர இன்னும் இருபது வருடம் ஆனது.

அங்கன்வாடிகளைக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது, நாடு முழுவதும் வெறும் 33 வட்டாரங்களில். அப்போது அக்காவுக்கு 21, அவள் பிள்ளையே நடக்க ஆரம்பித்திருந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கை ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதால் பள்ளிக்கு வர முடியாத பெண் பிள்ளைகள் வருவதற்காகப் பகல்நேரக் குழந்தைக் காப்பகங்கள் வேண்டும் என்று. அப்போது அவளுக்கு 32. அங்கன்வாடி என்றால் சத்துமாவு, முட்டை என்று மட்டும் நினைக்கிறவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு மூன்று வயதுப் பிள்ளை அங்கே போய் உட்கார்ந்தால் அதன் அக்கா வகுப்பில் போய் உட்காரலாம். எங்கள் ஊரில் அந்தக் கட்டடம் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அக்காவின் நடை வேறாக இருந்திருக்கும்.

என் மகள் நல்ல பள்ளியில் படிக்கிறாள், இதோடு சேர்த்துப் பேசலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். பேசத்தான் வேண்டும். என் அம்மாவும் ‘எம்மவ சமத்து’ என்றுதான் ஊரெல்லாம் சொன்னாள். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் அக்கா அத்தனை வருடம் வாய் திறக்கவில்லை. பாராட்டி வேலை வாங்கப்படுகிற பிள்ளையால் மறுத்துப் பேச முடியாது. திட்டு வாங்குகிற பிள்ளைக்காவது எதிர்த்து அழ ஒரு வழி இருக்கிறது.

உங்கள் மகள் இப்போது படுக்கையில் அழுகிறாள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் படுக்கையை நனைக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நின்றுபோன பழக்கம் திரும்ப வந்தால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டி, சிறுநீரைப் பரிசோதித்துவிடுங்கள். நீர்க்கடுப்பு ஏதாவது இருக்கலாம். உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் மாமியாரைத் தயவுசெய்து சத்தம் போடவேண்டாம் என்று சொல்லுங்கள். விரிப்பை மாற்றிவிட்டு அவளை உங்கள் பக்கத்தில் கொண்டுவந்து போடுங்கள். கட்டிலில் இடம் இல்லையென்றால் எல்லோருமாகத் தரையில் பாய் விரித்துப் படுங்கள்.

தினம் அரை மணி நேரம் அவளோடு மட்டும் இருங்கள். ஹோம்வொர்க் வேண்டாம், தம்பிகள் பேச்சும் வேண்டாம். அந்த நேரம் பையன்களை யார் பார்ப்பது என்று கேட்காதீர்கள். எட்டு மணிக்கு வருகிறவருக்கும் இடுப்பு இருக்கிறது. ஒருவனை ஒக்கலில் வைத்து இன்னொருவனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்வரட்டும். குளிப்பாட்ட, சோறூட்ட, கழுவிவிட அவருக்குத் தெரியவேண்டும். கொஞ்ச நேரம் விளையாடுவது மாமா சித்தப்பா செய்கிற வேலை. நீங்கள் இதை அவரிடம் கேட்காமல் ஐந்தரை வயதுக்காரியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவரிடம் கேட்கச் சங்கடமாக இருந்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

பிரிவு விஷயம். பிரிட்டனிலும் கனடாவின் கியூபெக்கிலும் ஆயிரக்கணக்கான இரட்டையர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ஒன்றாக வைத்தாலும் பிரித்தாலும் படிப்பில் பெரிதாக வித்தியாசமில்லை என்பதுதான் அதன் முடிவு. அதனால் பள்ளிக்கூடம் விதியாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் இளையவன் இப்போது தவிப்பான் என்று தோன்றினால் ஒரு வருடம் சேர்த்தே வைக்கச் சொல்லுங்கள். நானும் தம்பியும் ஒரே பெஞ்சில் பதினோரு வருடம் உட்கார்ந்தோம், கெட்டுப்போகவில்லை. அவர்கள் இரண்டு பேர், அவர்களுக்குத் துணை இருக்கிறது.

ரேஷன் கடை போய்வந்த மறுநாள் அக்காவுக்கு உங்கள் கடிதத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம், பிரிவு எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, ‘ஏல, மூத்தவ பேரு என்ன?’ என்றாள்.

கடிதத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். பையன்களின் பெயர் இரண்டும் ஏழெட்டு இடத்தில் இருந்தன. அவள் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.