செக்ரட்டேரியட் வம்சத்தில் தோற்ற குதிரையா?

அமெரிக்கப் பந்தயக் குதிரை செக்ரட்டேரியட்டைப் பற்றி 'ஓட்டத்தில் மன்னன், வாரிசு விஷயத்தில் ஏமாற்றம்' என்று சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. மகன்களை மட்டும் எண்ணிப் பார்த்தவர்களின் கணக்கு அது.

அதன் ஓட்டத்துக்கு ஒரு நாள் போதும்: 1973 ஜூன் 9, நியூயார்க், பெல்மான்ட் ஸ்டேக்ஸ், ஒன்றரை மைல். தொடக்கத்தில் ஷாம் என்ற குதிரை பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஓடியது. பாதி தூரம் தாண்டியதும் ஷாம் துவண்டு, ஐந்து குதிரைகளில் கடைசியாக வந்தது. அதன்பின் செக்ரட்டேரியட் யாரையும் துரத்தவில்லை. அதைத் துரத்தவும் யாரும் இல்லை. ஆனாலும் வேகம் அடங்கவில்லை. கடைசி நேர்ப்பாதையில் ஜாக்கி ரான் டர்காட் தலையைத் திருப்பி மைதானத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கிறது. 2 நிமிடம் 24 விநாடி. இரண்டாவது குதிரைக்கும் அதற்கும் இடையே 31 குதிரை நீளம். அதன் மீது பணம் கட்டி ஜெயித்த டிக்கெட்டுகளில் 5,617-ஐ அவற்றை வாங்கியவர்கள் பணமாக மாற்றவே இல்லை, நினைவாக வைத்துக்கொண்டார்கள்.

மொத்தம் 21 பந்தயங்கள், 16 வெற்றிகள். 25 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மும்மகுடம், அதாவது கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்று பந்தயங்களிலும் ஒரே ஆண்டில் வெற்றி. 1973 பந்தயப் பருவம் தொடங்கும் முன்பே அதன் இனவிருத்தி உரிமையை 32 பங்குகளாக, பங்கு 1,90,000 டாலர் வீதம் விற்றிருந்தார்கள். அவ்வளவு பணம் போட்டவர்கள் இன்னொரு செக்ரட்டேரியட்டை எதிர்பார்த்தார்கள். பிறகு கென்டக்கியின் கிளேபோர்ன் பண்ணையில் அது இனவிருத்திக்கு விடப்பட்டது. அதற்குப் பிறந்த குட்டிகளில் ரைசன் ஸ்டார் 1988-இல் பிரீக்னஸ், பெல்மான்ட் இரண்டையும் வென்றது. லேடீஸ் சீக்ரெட் என்ற பெட்டை 1986-இன் சிறந்த குதிரையானது. ஆனால் அப்பாவின் பெயரைச் சொல்லும்படி பொலிகுதிரையாக (இனவிருத்திக்கான ஆண் குதிரையாக) நிலைத்த மகன் ஒன்றுகூட இல்லை. ஏமாற்றம் என்ற பேச்சு அங்கேதான் கிளம்பியது.

மகள்களைப் பாருங்கள். டெர்லிங்குவாவின் வயிற்றில் பிறந்தது ஸ்டார்ம் கேட். அதனிடம் ஒரு பெட்டையைச் சேர்க்க ஒரு காலத்தில் 5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். வீக்எண்ட் சர்ப்ரைஸ் ஈன்றவை 1990 பிரீக்னஸை வென்ற சம்மர் ஸ்குவாலும், 1992 பெல்மான்ட்டை வென்று பிறகு பெரும் பொலிகுதிரையான ஏ.பி. இண்டியும். இன்னொரு பேர்பெற்ற பொலிகுதிரையான கான் வெஸ்ட்டின் தாய் செக்ரட்டேமும் செக்ரட்டேரியட்டின் மகளே. 1992-இல் வட அமெரிக்காவில் தாய்க்குதிரைகளின் தந்தைகள் வரிசையில், அதாவது மகள்கள் ஈன்ற குட்டிகளின் பரிசுப் பணத்தை வைத்துப் போடும் வரிசையில், செக்ரட்டேரியட்டுக்கு முதலிடம். அதைக் காண அது உயிரோடு இல்லை. குளம்பு நோய் முற்றி, 1989 அக்டோபர் 4-ஆம் தேதி, 19 வயதில் கருணைக்கொலை செய்யப்பட்டிருந்தது.

1978-க்குப் பிறகு மும்மகுடம் வென்றவை இரண்டே குதிரைகள்: 2015-இல் அமெரிக்கன் ஃபரோ, 2018-இல் ஜஸ்டிஃபை. முதலாவதற்குத் தாய் வழியிலும் இரண்டாவதற்குத் தந்தை வழியிலும் ஸ்டார்ம் கேட் முன்னோர். அதாவது இரண்டும் டெர்லிங்குவா வழியாக வந்த செக்ரட்டேரியட்டின் ரத்தம்.