கலை மனிதனுக்குப் பணிவைத் தரும் என்கிறார்களே, பிறகு ஏன் கலைஞர்களுக்கு இவ்வளவு கர்வம்?

ஏதோ ஒரு கச்சேரி முடிந்து, வாசித்தவரிடம் இரண்டு வார்த்தை பேசப் போயிருப்பீர்கள், அவர் முகம் கொடுத்திருக்க மாட்டார். கேள்வியில் இருக்கும் சூட்டைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. உங்கள் வருத்தம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் இந்தக் கர்வம், திமிர் எல்லாம் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஊர் பேசிய பேச்சு. அதனால் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை.

என் அப்பா நாகஸ்வரக்காரர். கும்பகோணம் பக்கம். பெரிய பெயரெல்லாம் கிடையாது. முகூர்த்த மாதங்களில் கல்யாணம், மற்ற நாட்களில் கோயில் சேவகம். நன்றாக வாசிப்பார் என்று ஊரில் சொல்வார்கள். அதே வாயால் ‘ஆனா திமிர் பிடிச்ச ஆளு’ என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

அந்தத் திமிர்ப் பட்டம் எப்படி வந்தது என்பதை நான் கூடவே இருந்து பார்த்தேன். அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். லீவு நாளில் அப்பாவுடன் ஒரு கல்யாணத்துக்குப் போய், சுருதிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டில் ஏதோ மனத்தாங்கல். மணமேடைக்கு ஆள் வரவில்லை. உள்ளே சமாதானம் நடக்கிறது, வெளியே கூட்டம் நெளிகிறது. ‘மேளக்காரரே, எதையாவது வாசிங்க’ என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா தோடி ராகம் எடுத்தார். காவிரிக்கரை நாகஸ்வரக்காரர்களுக்குத் தோடி என்றால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான். அவர் 1956இல் காலமாகிவிட்டார். அப்பா அவரை இசைத்தட்டில்தான் கேட்டிருக்கிறார். இருந்தாலும் ‘அது அவரு சொத்துப்பா’ என்று வெளி இடங்களில் தோடியைத் தொடவே தயங்குவார். அன்று என்ன தோன்றியதோ, எடுத்துவிட்டார். கீழே மெதுவாக ஆரம்பித்து, ஒவ்வொரு சுவரமாக நின்று நிதானித்து மேலே போகிறார். எனக்குக் காரணமே தெரியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அப்போது ராகமெல்லாம் பிரித்துத் தெரியாது, துக்கமும் ஒன்றும் இல்லை. முன் வரிசையில் இரண்டு பேர் பவுன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவும் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வைத் தொடப் போகிற நேரம், சாஸ்திரிகள் விரலை ஆட்டிவிட்டார். ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்!’ எப்போது மாப்பிள்ளை வந்தார், எப்போது தாலி தட்டு சுற்றி வந்தது என்றே நான் கவனிக்கவில்லை. அப்பா கவனித்திருக்கிறார். கண்ணை மூடி வாசிப்பதுபோல இருந்தாலும் ஒரு ஓரக்கண் மணமேடையில் இருந்திருக்கிறது. பாதியில் இருந்த பிடியை அப்படியே வெட்டிவிட்டுக் கெட்டிமேளத்துக்கு வந்துவிட்டார். ஒரு நொடி பிசகவில்லை. அவர் வாழ்நாளில் வாசித்த நல்ல தோடி அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அது பாதியில் நின்றது அந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாது.

சாப்பிடக் காத்திருந்தபோது பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்தார். ‘என்னப்பா, கொஞ்சம் அடக்கி வாசிக்கக் கூடாதா? பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேச முடியல.’ அப்பா சிரித்துக்கொண்டே, ‘நீங்க பேசினது எனக்கும் கேட்டுச்சுங்க. ரெண்டு பேருக்குமே கஷ்டம்தான்’ என்றார். அவ்வளவுதான். அந்த வகையறாவில் அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. எங்களுக்கு வழக்கம்போலக் கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்துவிட்டது என்றார்கள்.

இதே மனிதர் வீட்டில் எப்படி என்று சொல்கிறேன். சீவாளி என்று ஒன்று உண்டு, வாயில் வைத்து ஊதும் பகுதி. கொறுக்கைத் தட்டையில் செய்வது. வாத்தியத்திலேயே ஒரு கொத்தாக நூலில் கட்டித் தொங்கும், பார்த்திருப்பீர்கள். ஒன்றை எடுத்து எச்சிலில் ஊறவைத்து, ஊதிப் பார்த்து, சரியாக வராவிட்டால் ஊசியால் வாயைத் திறந்துவிட்டு, விரலால் அழுத்தி, திரும்ப ஊதி, ராத்திரி பத்து மணிக்கும் திண்ணையில் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ‘ஏம்மா இன்னிக்குப் பேச மாட்டேங்கிற’ என்று அதனிடம் கெஞ்சுவார். அம்மாவிடம்கூட அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. தவில்காரர் தனி வாசிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். தன்னைவிட வயதில் சின்னவர் என்றாலும் ‘சபாஷ்’ சத்தமாக வரும். கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கும்போது எத்தனை மணி நேரம் நின்றாலும் முகம் சுளிக்க மாட்டார். கேட்டால், ‘சாமி நடுவுல பவுன் விலை பேசாது’ என்பார்.

அதனால் கலை பணிவைத் தருமா என்றால், தரும் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பணிவு வாத்தியத்துக்கும் ராகத்துக்கும் கூட வாசிக்கிறவருக்கும் உரியது. பாக்கு வெற்றிலையில் பணம் வைத்துக் கொடுப்பவருக்கும் அது சேர்த்து வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் பழக்கம். ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் முன்னால் நாகஸ்வரக்காரர்கள் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்துவிட்டுக் கிராப் வைத்தார், ஷெர்வானி போட்டார், மற்ற வித்வான்களைப் போல மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். அவரையும் கர்வி என்றுதான் சொன்னார்கள். அந்தக் கர்வம் இல்லாவிட்டால் என் அப்பா உட்கார்ந்து வாசித்திருக்க முடியாது.

உடனே ‘எல்லாக் கலைஞரும் உத்தமரா’ என்று கேட்க வருபவர்களுக்கு: இல்லை. குடித்துவிட்டு வந்து முகூர்த்தத்தைக் கெடுத்தவர்களையும், சிஷ்யனை வேலைக்காரனாக வைத்திருந்தவர்களையும் எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் பார்த்தவர் அந்த ரகமாகவே இருக்கலாம். சாதியை இழுக்கிறேன் என்று சொல்பவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன், கடைசிப் பந்தியை நான் ஏற்பாடு செய்தேனா?

வாத்தியத்துக்கு மட்டும் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது எடுக்கும் ஆச்சா மரத்தில் கடைந்து செய்வது. அப்பாவுடையதும் அந்த ஊர் வாத்தியம்தான். இப்போது அது சென்னையில் என் மகனிடம் இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அவன் சாயங்காலம் ஒரு மணி நேரம் சாதகம் செய்வான். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்திலிருந்து ‘சத்தம் தொந்தரவாக இருக்கிறது’ என்று நோட்டீஸ் வந்தது. புத்தாண்டு இரவு ஒரு மணிவரை மொட்டைமாடியில் ஸ்பீக்கர் அலறியதே, அது சத்தமில்லையாம், கொண்டாட்டமாம். குழந்தைகள் கீபோர்டு வாசித்தால் ‘டேலண்ட்’ என்று வாட்ஸாப்பில் கைதட்டுகிறார்கள். கதவு ஜன்னலைச் சாத்தி, கோடையில் வேர்க்க வேர்க்க வாசிக்கிறான் பையன்.

போன வாரம் அதே சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். அவர் பெண்ணுக்கு நிச்சயதார்த்தமாம். ‘தம்பி ஒரு பத்து நிமிஷம் மங்களகரமா வாசிச்சா நல்லாருக்கும், நம்ம பில்டிங்தானே’ என்றார். வாசிக்கிறேன் அங்கிள் என்று சொல்லி, தவிலோடு சேர்த்து எவ்வளவு ஆகும் என்பதையும் பையன் பணிவாகவே சொன்னான். கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர்தான், இன்னும் பதில் வரவில்லை.