மாற்றிய முழங்காலோடு கச்சான் பிடுங்கலாமா?

இம்முறை வந்த கடிதங்களில் முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றியவையே அதிகமாக இருந்ததால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை நீக்கித் தருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 62. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன, முதலில் வலது காலை மாற்றலாம் என்று யாழ்ப்பாணத்தில் வைத்தியர் சொல்லியிருக்கிறார். பக்கத்து வளவுக்காரி, “பத்து வருடத்தில் திரும்பவும் வெட்ட வேண்டிவரும், ஏன் இந்த வீண் வேலை” என்கிறார். கனடாவில் இருக்கும் மகனோ இருபத்தைந்து வருடம் தாங்கும் என்கிறான். யார் சொல்வது சரி? மேட்டுக்காணியில் கச்சான் போடுகிறோம். குந்தியிருந்து பிடுங்க முடியுமா என்பதையும் சொல்லுங்கள். – வாசகி, விசுவமடு

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பொருத்திய மூட்டு எத்தனை வருடம் தாங்கும் என்பது ஒன்று. அந்த மூட்டோடு நீங்கள் வாழ்ந்துவந்த வாழ்க்கையை வாழலாமா என்பது மற்றையது. ஆராய்ச்சி உலகம் முதலாவதற்குத்தான் நீண்டகாலமாகக் கணக்கு வைத்திருக்கிறது.

அந்தக் கணக்கு சுவீடனில் தொடங்கியது. 1975 இல் முழங்கால்களுக்கும் 1979 இல் இடுப்பு மூட்டுகளுக்கும் அங்கே நாடு தழுவிய பதிவேடுகள் திறக்கப்பட்டன. எந்த நோயாளிக்கு எந்த வகை மூட்டு எப்போது பொருத்தப்பட்டது, அதைக் கழற்றி வேறொன்று பொருத்த வேண்டி வந்ததா என்பதை ஒன்றுவிடாமல் எழுதிவைப்பதே அவற்றின் வேலை. பின்லாந்தும் நோர்வேயும் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் பின்னர் அதே வழியில் வந்தன. 2019 இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான இரண்டு ஆய்வுகள் இத்தகைய பதிவேடுகளைத் திரட்டிப் பார்த்து, முழுமையாக மாற்றிய முழங்கால்களில் ஏறக்குறைய 82 வீதமும், இடுப்பு மூட்டுகளில் ஏறக்குறைய 58 வீதமும் 25 வருடங்கள் தாங்கும் என்று கணித்தன. 15 வருடங்கள் என்று பார்த்தால் முழங்காலுக்கு அது 93 வீதம். ஆகவே மகன் சொல்வது பெரும்பாலும் சரி. பக்கத்து வளவுக்காரி சொல்வது பழைய காலத்துப் பயம்.

இருந்தாலும் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 25 வருடக் கணக்கைத் தரும் மூட்டுகள் 25 வருடங்களுக்கு முன்னர் பொருத்தப்பட்டவை. அவை பின்லாந்து போன்ற நாடுகளில் கதிரையில் இருந்து சாப்பிட்டு, கொமட்டில் இருந்து எழும்பியவர்களுடைய மூட்டுகள். வயதும் கணக்கை மாற்றுகிறது. 2017 இல் பிரித்தானிய நோயாளிகளைப் பற்றி அதே இதழில் வந்த ஆய்வின்படி, 70 வயதுக்குப் பின்னர் மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு வாழ்நாளில் மறுசத்திரசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 வீதம்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் முழங்காலை மாற்றிய ஆண்களுக்கோ அது 35 வீதம் வரை போகிறது. பெண்களுக்கு அதைவிடக் குறைவு. வயது குறைந்தவர் கூடுதலாக நடக்கிறார், பாரம் தூக்குகிறார், கூடுதல் காலம் வாழ்கிறார். மூட்டு அத்தனையையும் சுமக்க வேண்டியிருக்கிறது. 62 வயதில் நீங்கள் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறீர்கள்.

இனிக் கச்சான் விடயம். மாற்றிய முழங்கால் வழக்கமாக 110 முதல் 120 பாகை வரை மடியும். கதிரையில் இருந்து எழும்பவும் படி ஏறவும் பஸ்ஸில் ஏறவும் அது போதும். நிலத்தில் குந்துவதற்கு 130 பாகைக்கு மேல் வேண்டும். கூடுதலாக மடியக்கூடியவை என்று விளம்பரப்படுத்தப்பட்ட சிறப்பு மூட்டுகளைச் சாதாரண மூட்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், நடைமுறையில் உணரக்கூடிய வேறுபாடு தென்படவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் கால் எவ்வளவு மடியும் என்பதை வேறெதையும்விட நன்றாக முன்கூட்டிச் சொல்வது, அதற்கு முன்னர் அது எவ்வளவு மடிந்தது என்பதே. இப்போதே உங்களால் குந்த முடியவில்லை என்றால், புதிய மூட்டு அந்தக் குந்தலைத் திருப்பித் தரும் என்று எண்ண வேண்டாம். செடியைப் பிடுங்கும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, பிடுங்கிய செடியில் இருந்து கச்சானை ஆயும் வேலையை உயரமான ஸ்டூலில் இருந்து நீங்கள் செய்யலாம். இதை அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். “நடப்பீர்கள்” என்று அவர் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது நடை. உங்கள் மனதில் இருப்பது கச்சான் பாத்தி.

கேள்வி: சத்திரசிகிச்சை இல்லாமல் சமாளிக்க வழியே இல்லையா? – வாசகர், நெடுங்கேணி

பதில்: சிலருக்கு இருக்கிறது. டென்மார்க்கில் முழங்கால் மாற்றத் தகுதியான 100 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2015 இல் வெளியானது. ஒரு குழுவுக்கு மூட்டை மாற்றி, அதன் பின்னர் உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, மருந்து முதலியவை மட்டும். ஒரு வருட முடிவில் மூட்டு மாற்றியவர்களின் முன்னேற்றம் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. பாரதூரமான பக்கவிளைவுகளும் அவர்களிடமே கூடுதலாக இருந்தன. ஆனால் மாற்றாத குழுவிலும் நோவு குறைந்தது. அந்த ஒரு வருடத்துக்குள் அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் சத்திரசிகிச்சைக்குப் போனார். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் மாதங்களை, தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிக்குப் பயன்படுத்தினால் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் நட்டமில்லை.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் மாற்றி இரண்டு வருடம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் இரவில் இன்னும் நோகிறது என்கிறார். அம்மா பொய் சொல்கிறாரா, வைத்தியர்கள் பொய் சொல்கிறார்களா? – வாசகர், வவுனியா

பதில்: இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், இந்த ஆராய்ச்சித்துறை மிகவும் பிந்திக் கண்டுகொண்ட உண்மையும் இதுதான். பதிவேட்டைப் பொறுத்தவரை மூட்டைக் கழற்றினால்தான் அது தோல்வி. நோவோடு இருபது வருடம் வாழ்ந்தவருடைய மூட்டும் அங்கே வெற்றியாகவே பதியப்படும். நோயாளியிடமே நோவைப் பற்றிக் கேட்டுச் செய்த ஆய்வுகளை 2012 இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இடுப்பு மாற்றியவர்களில் 7 முதல் 23 வீதத்தினரும், முழங்கால் மாற்றியவர்களில் 10 முதல் 34 வீதத்தினரும் நீண்டகாலம் நோவோடு இருப்பது தெரியவந்தது. ஐந்தில் ஒருவருக்கு முழங்கால் மாற்றம் முழுத் திருப்தி தருவதில்லை என்று பல நாடுகளில் பேசப்படுகிறது. மாற்றிய இடுப்பைப் பலர் மறந்தே போகிறார்கள், முழங்கால் அப்படியல்ல.

இங்கிலாந்தில் 2009 முதல், சத்திரசிகிச்சைக்கு முன்னரும் பின்னரும் நோயாளியிடமே கேட்டு நிரப்பும் படிவமொன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஒக்ஸ்போர்ட் முழங்கால் அளவீடு என்று அதற்குப் பெயர். 12 கேள்விகள், மொத்தம் 48 புள்ளிகள். இரவில் நோவு இருக்கிறதா, காரில் அல்லது பஸ்ஸில் ஏறி இறங்க முடிகிறதா, சாப்பிட்ட பின் கதிரையில் இருந்து எழும்ப முடிகிறதா, முழந்தாளிட்டு எழும்ப முடிகிறதா, படி இறங்க முடிகிறதா என்று அது போகும். நல்ல படிவந்தான். ஆனாலும் கிணற்றடியில் வாளி இழுப்பதைப் பற்றியோ, குந்தும் மலசலகூடத்தைப் பற்றியோ, பாயில் சம்மணமிட்டு இருப்பதைப் பற்றியோ அதில் ஒரு கேள்வியும் இல்லை. எங்கள் கிழவிகளிடம் கேட்டு அதை எழுதியிருந்தால் முதற் கேள்வியே வேறாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

அம்மாவுக்கு வருவோம். இரவு நோவை எக்ஸ்ரேயோடு விட்டுவிடக் கூடாது. மூட்டுக்குள் மெதுவாக வேலை செய்யும் கிருமித்தொற்று எக்ஸ்ரேயில் தெரியாமல் இருக்கலாம்; உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சீஆர்பி, ஈஎஸ்ஆர் என்ற இரத்தப் பரிசோதனைகளையும், தேவைப்பட்டால் மூட்டு நீரை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பு மூட்டிலும் முதுகிலும் இருந்து நோவு முழங்காலுக்கு இறங்குவதுண்டு. அவற்றையும் பார்க்க வேண்டும். உடம்பின் பல இடங்களில் நோவு உள்ளவர்களுக்கும், மனச்சோர்வு உள்ளவர்களுக்கும், எக்ஸ்ரேயில் தேய்வு குறைவாக இருந்த நிலையிலேயே மாற்றிக்கொண்டவர்களுக்கும் நோவு நீடிப்பது கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மனச்சோர்வு என்றதும் “கற்பனை நோவு” என்று யாரும் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டாம். 2009 இன் போரைக் கடந்துவந்த ஊரில் அந்தச் சொல் மருந்தாகாது.

கேள்வி: வயது 46. போரின் கடைசி மாதங்களில் செல் துண்டு பட்டு இடது இடுப்பு மூட்டுப் பழுதானது. பல வருடம் சமாளித்து நடந்தேன், இப்போது மாற்ற வேண்டும் என்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து புதுவகை மூட்டு எடுப்பித்தால் நல்லதா? – வாசகர், கிளிநொச்சி

பதில்: புதியது நல்லது என்ற எண்ணத்துக்கு இந்தத் துறையின் வரலாறே எதிர்ச்சாட்சி. இன்றைய இடுப்பு மூட்டின் தந்தை எனப்படும் இங்கிலாந்து வைத்தியர் ஜோன் சார்ன்லி, முதலில் இடுப்பெலும்பில் பொருத்தும் கிண்ணத்துக்கு டெஃப்லோனைப் பயன்படுத்தினார். ஒட்டாத சட்டிக்குப் பூசுகிறார்களே, அதே பொருள். சில வருடங்களிலேயே அது தேய்ந்து, தேய்ந்த தூள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தது. காரணத்தை உறுதிப்படுத்த அவர் தன்னுடைய தொடையிலேயே அந்தப் பொருளைச் செலுத்திப் பார்த்தார். 1962 இல் கடினமான பொலித்தீனுக்கு மாறிய பின்னர்தான் நிலைத்த வெற்றி வந்தது. அதை மறந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இளம் நோயாளிகளுக்கு நீண்டகாலம் உழைக்கும் என்று உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் டிபியூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் வகை மற்றவற்றைவிட விரைவாகத் தோற்பதை ஆஸ்திரேலியப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. 2010 ஓகஸ்டில் அது உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. உலோகத் துணிக்கைகள் இரத்தத்திலும் திசுவிலும் கலந்ததே அங்கும் சிக்கல்.

ஆகவே வைத்தியரிடம் கேட்க வேண்டியது, “இந்த வகைக்குப் பதிவேடுகளில் குறைந்தது பத்து வருடக் கணக்கு இருக்கிறதா” என்பதே. எந்த வகை, எந்த அளவு என்ற விபர ஒட்டியை மூட்டு வரும் பெட்டியில் இருந்து எடுத்து நோயாளியின் குறிப்பில் ஒட்டுவார்கள். அதன் படமொன்றைத் தொலைபேசியில் எடுத்துவையுங்கள்.

உங்கள் விடயத்தில் மூட்டின் வகையைவிடப் பழைய காயமே எனக்குக் கவலை. காயத்தால் கெட்ட மூட்டை மாற்றும்போது, வயதால் தேய்ந்ததை மாற்றுவதைவிடச் சிக்கல்கள் கூடுதல். அந்தக் காயம் அன்று சீழ் வைத்திருந்தால், எத்தனை வருடமானாலும் அதை மறைக்காமல் சொல்லுங்கள். கிருமி மிச்சம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பார்கள். உடம்பில் வேறெங்காவது துண்டு இருந்தால், எம்ஆர்ஐ எடுக்க முன்னர் அதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: நீரிழிவு இருப்பவர் மாற்றலாமா? முழங்காலுக்குள் ஊசி போட்டு இரண்டு மாதந்தான் ஆகிறது. – வாசகி, முள்ளியவளை

பதில்: மாற்றலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். ஸ்டீரொயிட் ஊசி போட்டு மூன்று மாதங்களுக்குள் மூட்டு மாற்றினால் கிருமித்தொற்று வாய்ப்புக் கூடுகிறது. கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.5 அல்லது 8 க்கு மேல் இருந்தால், அதைக் குறைத்துக்கொண்டு வரும்படி பல சத்திரசிகிச்சை நிபுணர்கள் திருப்பி அனுப்புவார்கள். அது தட்டிக்கழிப்பல்ல.

கேள்வி: ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போய் மாதாவுக்கு முன்னால் முழந்தாளிட வேண்டும் என்பது நேர்த்தி. முழங்கால் மாற்றி ஒன்பது மாதம். செய்யலாமா? – வாசகி, மன்னார்

பதில்: முழந்தாளிடுவதால் நன்றாக ஆறிய மூட்டு உடைந்துவிடாது. பலர் முழந்தாளிடாமல் இருப்பதற்குக் காரணம் பயமும், தழும்பின் வெளிப்பக்கத் தோல் மரத்துப்போயிருப்பதுந்தான். இயன்மருத்துவர் முறையாகச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலானோர் முழந்தாளிடுகிறார்கள் என்றும் ஆய்வு உண்டு. உங்கள் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு, முதலில் வீட்டுக் கட்டிலில் மெத்தைமேல் பழகுங்கள்; பிறகு நிலத்தில் மடித்த போர்வையின்மேல், கதிரையைப் பிடித்துக்கொண்டு, மாற்றாத காலை முன்னால் ஊன்றி எழும்பிப் பாருங்கள். மடு வளவின் மணலில் முழந்தாளிடுவது, தேவாலயத்தின் உள்ளே சீமெந்துத் தரையில் முழந்தாளிடுவதைவிட உங்கள் முழங்காலுக்கு இதமாக இருக்கும்.