போர்டிலன் பெயர் மெட்ராஸ் வனத்துறைப் பட்டியலில் இல்லாதது ஏன்?

டி.எஃப். போர்டிலன் மெட்ராஸ் வனத்துறைக்காரர் அல்ல, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வனத்துறைத் தலைவர். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடியும் அவர் பணி விவரம் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள்; அது அதனால்தான் இருக்கும்.

குலசேகரம், கீரிப்பாறைக் காடுகள் இன்று நம் குமரி மாவட்டம் என்பதால் சென்னையில் தேடத்தான் தோன்றும். ஆனால் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தன; போர்டிலன் காலத்தில் அவை திருவிதாங்கூரில் இருந்தன.

திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் சமஸ்தான நிர்வாக அறிக்கைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டு கொல்லம் கணக்கில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். 1070 என்றால் 1894-95. அப்புறம், திருவிதாங்கூர் மரங்கள் பற்றி 1908ல் அவர் வெளியிட்ட நூலை அவசியம் புரட்டுங்கள். நம் மலை மரங்களை அத்தனை அக்கறையாகப் பதிந்து வைத்த மனிதர்.

ஒரு எச்சரிக்கை: அதே காலத்தில் வங்காளத்தில் ஜேம்ஸ் போர்டிலன் என்ற உயரதிகாரியும் இருந்தார். முதலெழுத்தைப் பார்க்காமல் குறிப்பெடுக்காதீர்கள்.