டேஷ்போர்டு பேட்டை நெம்பாதீர்கள், நட்டைத் தேடுங்கள்

கேள்வி: 1970-களில் வந்த கார் ஒன்று வைத்திருக்கிறேன். டேஷ்போர்டு பேட்டில், முன் கண்ணாடி ஓரமாக இரண்டு விரிசல். ஒன்று சாண் நீளம் இருக்கும், உள்ளே மஞ்சளாக ஃபோம் தெரிகிறது. பேட்டைக் கழற்றாமலே புட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: அடிக்கலாம், ஆனால் நிற்காது. பேட்டின் அடியில் தகடு, நடுவில் பாலியூரித்தேன் ஃபோம், மேலே வினைல் தோல். வினைலை வளையவைப்பது அதில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருள். வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. முன் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்தால் துணியில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. அது போகப்போகத் தோல் விறைத்துச் சுருங்கும். கீழே இருக்கும் தகடு சுருங்காது. அந்த இழுபறியில்தான் தோல் கிழிகிறது. கிழிந்த பிறகும் இரண்டு கரையும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். மேலாக வைத்த புட்டி மறுபடி அதே கோட்டில் பிளக்கும்.

அதனால் கழற்றுங்கள். நான் பார்த்தவரை, பழைய பேட்டுகள் பெயின்ட் வேலையில் கெடுவதைவிடக் கழற்றும்போது கெடுவதுதான் அதிகம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள். ஸ்பீக்கர் மூடி, காற்று வரும் கிரில், கிளவ் பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கண்ணாடி ஓரத்து ஸ்க்ரூவுக்குச் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் நிமிர இடம் இருக்காது, குட்டையானது வேண்டும். எடுத்த ஸ்க்ரூக்களை அட்டையில் பேட்டின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

நான் முதன்முதலில் கழற்றிய பேட்டில் கண்ணுக்குத் தெரிந்த ஸ்க்ரூ எல்லாம் எடுத்தாயிற்று. ஒரு மூலை மட்டும் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நெம்பினேன். 'டப்' என்று மூலை உடைந்து கையோடு வந்தது. அப்புறம்தான் கிளவ் பாக்ஸ் இருந்த ஓட்டை வழியாகக் கையை விட்டேன். விரல் நுனியில் ஒரு போல்ட்டும் அதில் துருப்பிடித்த நட்டும் தட்டுப்பட்டன. அந்த மூலை இன்றும் மனதை உறுத்துகிறது. பேட் ஓர் இடத்தில் வரவில்லை என்றால் அங்கே ஏதோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக் கீழிருந்து தேடுங்கள். வேலையைச் சூடான நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் பழைய வினைல் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

கழற்றிய பிறகு, விரிசலின் கரைகள் மேலே தூக்கி நிற்பதைப் பார்ப்பீர்கள். அதை அழுத்தி ஒட்டாதீர்கள். தூக்கிய பகுதியைத் தோல் படிந்து கிடக்கும் இடம் வரை வெட்டி எடுத்து, கரையைச் சரிவாகச் சீவுங்கள். ஃபோமையும் சிறிது தோண்டிவிட்டு, பிளாஸ்டிக் பம்பருக்குப் போடுகிற வளையும் புட்டியை நிரப்புங்கள். பாடிக்குப் போடும் புட்டி கல்லாக இறுகிவிடும், வேண்டாம். 180 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள், பிறகு 320. கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் மேடு தெரிந்துவிடும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். வழவழப்பான ஒட்டு தனியாகத் தெரியாமலிருக்க, சொரசொரப்பு தரும் ஸ்ப்ரேயை அதன் மேலும் சுற்றிலும் அடியுங்கள்.

கலருக்கு வினைலுக்கென்றே வரும் ஸ்ப்ரே. மெல்லிசாக நாலைந்து கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு.

கேள்வி: பேட்டுக்கு ஸ்ப்ரே அடித்தேன். பெயின்ட் வட்ட வட்டமாக விலகிப் பழைய தோல் தெரிகிறது. மட்டமான பெயின்டா?

பதில்: பெயின்ட் மேல் பழி போடாதீர்கள். பளபளப்புக்காகப் பூசி வந்த பாலிஷில் சிலிகான் இருந்திருக்கும். அடித்ததை எடுத்துவிட்டு, பெயின்டர்கள் வைத்திருக்கும் மெழுகு நீக்கியால் துடையுங்கள். ஒரு துணியால் துடைத்து, ஈரம் காய்வதற்குள் வேறு சுத்தமான துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியென்றால் சிலிகான் இடம் மாறுமே தவிரப் போகாது. இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.

இன்னொன்று, பளபளக்கும் கலர் வேண்டாம். மேட் வாங்குங்கள். எதிர்வெயிலில் பேட்டின் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்தால் சாலை தெரியாது.