பதில்: விதிப்படி கட்டிய அலுவலகங்கள் ஏன் அதிக மின்சாரம் இழுக்கின்றன?

இசிபிசி (வணிகக் கட்டடங்களுக்கான இந்தியாவின் ஆற்றல் சேமிப்பு விதி) படி கட்டிய அலுவலகங்களில் சதுர மீட்டருக்கான ஆண்டு மின் யூனிட் மற்றவற்றைவிட அதிகம், அப்படியானால் விதி தோற்றதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். புதிய கட்டடத்தில் முழு ஏசி, இரவு ஷிஃப்ட், நெருக்கமான இருக்கைகள் எல்லாம் இருக்கும். பழையதில் பாதித் தளத்துக்கு மின்விசிறிதான். முதலில் குளிரூட்டிய பரப்பு, இயங்கும் நேரம், ஆட்கள் எண்ணிக்கை மூன்றையும் சேகரியுங்கள். ஜெனரேட்டர் டீசலையும் சேருங்கள், மின்கட்டண ரசீதில் அது வராது.

அப்புறம், விதி பொருந்துவது 100 கிலோவாட் இணைப்புச் சுமையிலிருந்து, அதாவது கட்டடத்தில் பொருத்திய மின்கருவிகளின் மொத்தத் திறனிலிருந்து (அல்லது மின்வாரியத்துடன் ஒப்பந்தம் செய்த உச்சத் தேவை 120 கேவிஏ). அந்த எல்லைக்குச் சற்றுக் கீழும் மேலும் உள்ள கட்டடங்களை ஒப்பிடுவது இன்னும் நியாயம். ஆனால் 98, 99 என்று கூட்டமாகக் குவிந்திருந்தால் உஷார்! விதியிலிருந்து தப்பிக்கச் சுமையைக் குறைத்துக் காட்டியிருக்கலாம்.

வரைபட ஒப்புதலையும் மென்பொருள் சொல்லும் சேமிப்பையும் அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் ஏறக்குறைய 30,000 வீடுகளை வைத்து, ஆற்றல் சேமிக்கும் சீரமைப்பு பற்றி நடந்த ஆய்வில், கணித்த சேமிப்பு உண்மையானதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. 2018இல் வெளியானது. உங்களிடம் மாதவாரி ரசீதுகள் இருக்கின்றனவா, ஆண்டு மொத்தம் மட்டும்தானா?